ஓட்டைப் பாத்திரத் தோட்டம்

எங்கள் வீட்டைச் சுற்றியிருந்த மண்ணில் எருக்கஞ்செடிகூட யோசித்துத்தான் முளைக்கும். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய கடைசித் தெரு எங்களுடையது. வெயில் காலத்தில் வாசலைக் கூட்டினால் துடைப்பத்தின் அடியில் வெள்ளையாகப் பொரிந்து வரும். எங்களுக்கு அது வெறும் தூசு. வெளியூர்க்காரர் யாராவது தொட்டு நாக்கில் வைத்து "உப்பு!" என்று கத்தினால்தான் எங்களுக்கே அது ஞாபகம் வரும். கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த கோடையில், அதாவது 2005இல், பின்பக்கம் இருந்த ஒரே முருங்கையும் பட்டுப்போயிற்று. அதே கோடையில்தான் எங்கள் வீட்டில் ஒரு தோட்டம் வந்தது.

அதைக் கொண்டுவந்தவள் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. வானூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் அவளைக் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கரும்பு, நெல், கிணற்றில் கைக்கெட்டும் தூரத்தில் நல்ல தண்ணீர் என்று அந்த ஊரைப் பற்றி அப்பா பெருமையாகச் சொல்லுவார். மாசி மாதம் ஒரு மத்தியானம் அத்தை ஒரு துணிப்பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தாள். அப்பாவிடம், "அங்க இருக்க முடியலண்ணா" என்றாள். மாமியார் மருமகள் சண்டை என்று பெரியவர்கள் புரிந்துகொண்டார்கள். எனக்கு அம்மா வேறு காரணம் சொன்னாள்.

"அத்தைக்கு அந்த ஊர் தண்ணி ஒத்துக்கல பாப்பா."

எனக்கு அப்போது பத்து வயது. நம்பினேன். குடிதண்ணீரை லாரியில் பிடித்து, குளிக்கவும் துவைக்கவும் கரிப்புத் தண்ணீரில் பழகியவளுக்கு நல்ல தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் போனதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. அத்தைக்கு இடது காது கேட்காமல் போயிருந்தது. ஜுரத்தில் போய்விட்டது என்றாள் அவள். அதுவும் அந்தத் தண்ணீரின் வேலைதான் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வலது பக்கமாகப் போய் நிற்க வேண்டும். ஒரு வாரத்தில் அது பழகிவிட்டது.

அவள் வந்த பத்தாம் நாள் அப்பா கோபத்தோடு அந்த ஊருக்குப் போய், தான் கொடுத்த சீர்ப் பாத்திரங்களை ஒரு டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார். எல்லாம் எவர்சில்வர். பெரிய அண்டா, இரண்டு குண்டான், தவலை, குடங்கள், அன்னக்கூடை, நாலடுக்கு டிபன் கேரியர். உப்பளத்தில் அப்பா பலகை பிடித்து உப்பு வாரிய எத்தனையோ கோடைகள் அதில் இருந்தன. எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினார்கள். அதன் பிறகு யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

அத்தையால் சும்மா உட்கார முடியாது. அம்மாவுக்குச் சமையல்கட்டில் அவள் உதவி தேவைப்பட்டதே தவிர, நாள் முழுக்கத் தேவைப்படவில்லை. அடி உடைந்த பிளாஸ்டிக் வாளி ஒன்றைத் தெருவில் யாரோ எறிந்திருந்தார்கள். அத்தை அதை எடுத்து வந்து, ஏரிப் பக்கத்திலிருந்து ஒரு கூடை நல்ல மண் வரவழைத்து, பத்துமணிப் பூச்செடியின் தண்டைக் கிள்ளி நட்டாள். அரிசி களைந்த தண்ணீரை ஊற்றினாள். அது வேர் பிடித்தது. எட்டாம் நாள் காலையில் சிவப்பாக ஒரு பூ. எங்கள் வாசலில் பூத்த முதல் பூ அதுதான் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு தெருவில் எந்த வீட்டில் எது உடைந்தாலும் எங்களுக்குத்தான். கல்யாணத்துக்கு முன்பு அத்தை இடையஞ்சாவடியில் ஒரு ஊதுபத்திக் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள். போகிற வழியில் ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டு வேலியில் பழைய கெட்டிலும் பூட்சும் தொங்குமாம். அவற்றில் செடி வைத்திருப்பார்களாம். தினமும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாளாம். அதையெல்லாம் இப்போது எங்கள் முள்வேலியில் செய்து பார்த்தாள்.

பியூஸ் போன பல்புகளின் வாயைப் பக்குவமாகத் திறந்து, சாயத் தண்ணீர் நிரப்பி வரிசையாகக் கட்டினோம். நெளிந்த கரண்டிகளைச் சைக்கிள் ரிம்மில் கட்டித் தொங்கவிட்டோம். கடல் காற்று எழும்பினால் அது பத்து வீட்டுக்குக் கேட்கும். உடைந்த வளையல் துண்டுகளை ஒரு பழைய உரலின் மேல் சிமென்ட் பூசி அழுத்திப் பதித்தோம். பழைய இரும்புக்காரர் வண்டியை நிறுத்தினால் அத்தை ஓடிப்போய்க் கிளறுவாள். அவரும் அலுத்துக்கொண்டே, "எதுக்கும்மா இந்தக் குப்பை? நான் எட்டுத்துனு போறதே வேஸ்ட்டு" என்று சொல்லி, கைப்பிடி போன இட்லிப் பானையையோ ஒடுங்கின டீ வடிகட்டியையோ கொடுத்துவிட்டுப் போவார்.

வண்ணத்துக்கு அனுமந்தையிலிருந்து வழி பிறந்தது. அங்கிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ஒரு அம்மா உண்டு. கடல் கொண்டுபோன படகுகளுக்குப் பதில் அந்தப் பக்கம் அப்போது புதுப் படகுகள் வந்துகொண்டிருந்தன. "எங்க பார்த்தாலும் பெயிண்டு டப்பாதாம்மா கெடக்குது. உனக்கு வேணுமா?" என்று கேட்டு, மீன் கூடைக்கு அடியில் வைத்து மிச்சப் பெயிண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நீலம், மஞ்சள், பச்சை. எந்தப் பாத்திரத்துக்கு எந்த நிறம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அத்தை எனக்குக் கொடுத்திருந்தாள். அந்த வயதில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது. நான் முக்கால்வாசிக்கு நீலத்தையே அடித்தேன்.

பங்குனிக் கடைசியில் அப்பாவின் சித்தப்பா ஒருநாள் மொபட்டில் வந்தார். அவரை நான் சின்ன தாத்தா என்பேன். ஊரில் எந்த வீட்டில் பேச்சு அறுந்தாலும் முடிச்சுப் போட்டுவிடும் ஆள் அவர். அப்பாவோடு உள்ளே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே பேசினார்.

"பொண்ண எத்தினி நாளைக்குப்பா வூட்ல வெச்சிருப்பே? அவங்க எறங்கி வர்றாங்க. எட்டுத்துனு போன சாமானோட கொண்டாந்து வுடணும், அது ஒண்ணுதான் கேக்கறாங்க."

"அதுக்கென்ன சித்தப்பா, கட்டினது கட்டினபடி பரண்லதான் கெடக்குது" என்றார் அப்பா. அவர் குரலில் கோபம் ஒன்றும் இல்லை. ஒரு பாரம் இறங்கப்போகிற நிம்மதிதான் இருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். தங்கை நன்றாக வாழ வேண்டும் என்றுதான் அவர் நினைத்தார். எங்கே, எப்படி என்பதில்தான் அவருக்குத் தகவல் போதவில்லை.

அத்தை சமையல்கட்டில் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வலது காது கூடத்தின் பக்கம்.

மறுநாள் அப்பா விடியுமுன் உப்பளத்துக்குப் போனார். அம்மா ரேஷன் கடைக்குப் போனாள். அத்தை பரணில் ஏறி ஒரு குண்டானை எடுத்துக் கீழே நீட்டினாள்.

"புடி பாப்பா. இதுல கனகாம்பரம் வெக்கலாம்."

"இது புதுசு அத்தே!"

"மூணு வருஷம் புழங்கின பாத்திரம் எப்பிடிடி புதுசாவும்? சும்மாதானே கெடக்குது."

சின்ன தாத்தா வந்ததற்கும் குண்டான் இறங்கியதற்கும் நடுவே ஒரு ராத்திரிதான் இருந்தது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. அப்போது என் கவலையெல்லாம் ஆணி வழுக்குவதைப் பற்றித்தான். பிளாஸ்டிக் வாளி மாதிரி எவர்சில்வர் லேசில் ஓட்டை விழாது. பாத்திரத்தைக் கட்டையின் மேல் கவிழ்த்து, அத்தை ஆணியைப் பிடித்துக்கொள்ள, நான் சுத்தியால் அடிக்க வேண்டும். முதலில் பிசகி அவள் கட்டைவிரலில் விழுந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டே "இன்னும் வேகமா அடி" என்றாள். இருபது அடிக்குப் பிறகு ஆணி உள்ளே இறங்கியது. அத்தை பாத்திரத்தைத் தூக்கி, ஓட்டை வழியாக ஒரு கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வந்த நாளிலிருந்து அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்காகவே இன்னும் நாலு பாத்திரத்துக்கு ஓட்டை போடலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

போட்டோம். சித்திரை முழுக்க, பள்ளிக்கூட விடுமுறையில், வாரத்துக்கு ஒன்றிரண்டாகப் பரணிலிருந்து பாத்திரங்கள் இறங்கின. ஓட்டை விழுந்ததும் அன்றைக்கே பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்பதில் அத்தை கண்டிப்பாக இருந்தாள். அப்பா உப்பளத்திலிருந்து கண் எரிச்சலோடு திரும்பி, சாப்பிட்டுப் படுத்துவிடுவார். வாசலில் இன்னொரு நீலத் தொட்டி கூடியிருப்பது அவருக்கு எங்கே தெரியப்போகிறது? அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். அவள் ஒருநாள் தவலையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு போகிற பெண்கள் எங்கள் வேலியருகே நின்றுவிட்டுத்தான் போனார்கள். வெள்ளை மண்ணுக்கு நடுவே நீலமும் மஞ்சளும், அதன் மேல் கனகாம்பரமும் பத்துமணிப் பூவும். உப்பு அள்ள வந்த லாரி டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "இன்னாம்மா, ஓட்டல் வெக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

வைகாசியில் ஒரு நல்ல நாள் பார்த்து அவர்கள் வந்தார்கள். அத்தையின் மாமியார், அத்தை வீட்டுக்காரரான மாமா, கூடவே சின்ன தாத்தா. பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு போக ஒரு மினி லாரியும் வந்திருந்தது. அன்று காலை அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டாள். இறுக்கமாகப் பின்னி, ரிப்பன் கட்டி, முகத்தைத் திருப்பி வைத்துச் சொன்னாள்.

"பெரியவங்க எது கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது பாப்பா. உள்ளத உள்ளபடி சொல்லணும். சரியா?"

பள்ளிக்கூடத்திலும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சரி என்றேன்.

மாமியார் வண்டியிலிருந்து இறங்கியதும் வேலியைப் பார்த்து நின்றுவிட்டார். உண்மையாகவே அவருக்குப் பிடித்திருந்தது.

"யாரு கைவேல இது? ஜோரா இருக்குதே."

"நானும் அத்தையும்" என்றேன்.

"இவ்ளோ தொட்டி எங்கம்மா வாங்கனீங்க?"

"வாங்கல. எல்லாம் எங்க வூட்டுப் பாத்திரம்தான். இது குண்டான். இது அண்டா. அதோ தொங்குது பாருங்க, அது டிபன் கேரியர். நாலு அடுக்கும் நாலு தொட்டி. அடியில ஓட்டை போட்டது நான்தான்."

இவ்வளவு நன்றாக நான் எந்தப் பரீட்சையிலும் பதில் சொன்னதில்லை. அத்தை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். என்னைத் தடுக்கிற பார்வை அவளிடம் இல்லை.

மாமியார் அண்டாவை விரல் முட்டியால் தட்டினார். 'ணங்' என்றது. குனிந்து, கையிலிருந்த சாவியால் பெயிண்டைச் சுரண்டினார். நீலத்துக்கு உள்ளேயிருந்து எவர்சில்வர் பளபளவென்று வந்தது. அதே நேரம் வீட்டுக்குள்ளே பரணில் ஏறியிருந்த அப்பா, காலிச் சாக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்.

"அடிப்பாவி! டேய், இங்க வாடா! உன் பொண்டாட்டி பண்ணி வெச்சிருக்கிற வேலையப் பாரு!"

மாமா வந்து பார்த்தார். சின்ன தாத்தா தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா சாக்குத் தூசியோடு வெளியே வந்தார். அண்டாவைப் பார்த்தார். தவலையைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க அவர் முகம் சிவந்துகொண்டே போனது.

"ஏன்டி இப்பிடிப் பண்ணே?"

"சும்மாதானேண்ணா கெடந்துச்சு."

அப்பா கையை ஓங்கினார். என்னைக்கூட ஒருநாளும் அடிக்காத அப்பா. அத்தை நகரவில்லை. கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, வலது காதைக் கையால் பொத்திக்கொண்டாள். அவ்வளவு வேகமாக அதைச் செய்தாள்.

மாமா சிரித்தார். "நல்லா போடுங்க மச்சான். செவுள்ல ரெண்டு வெச்சாத்தான் இவளுக்கு ஏறும். நானும் அப்பிடித்தான் பார்த்தேன். ஒரு காது போச்சே தவிர புத்தி வரல."

அவர் தமாஷாகச் சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது. அவர் சிரித்ததால் நானும் கொஞ்சம் சிரித்தேன். அம்மா என் தோளை வலிக்கக் கிள்ளினாள்.

அப்பாவின் கை அப்படியே நின்றது. அத்தை பொத்தியிருந்த காதையும் பொத்தாமல் விட்டிருந்த காதையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை இறக்கி, அதில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல லுங்கியில் துடைத்துக்கொண்டார். பேசியபோது அவர் குரல் மிகவும் மரியாதையாக இருந்தது.

"சாமான் பாழாப் போயிடுச்சு மாப்ள. ஓட்டப் பாத்திரத்தக் குடுத்து அனுப்பினா எனக்குத்தான் கேவலம். புதுசா வாங்கிட்டு சொல்லி அனுப்பறேன்."

"எப்பப்பா வாங்குவே?" என்று கேட்டார் சின்ன தாத்தா.

"உப்பு விக்கிற விலையில ரெண்டு வருஷமும் ஆவலாம், பத்து வருஷமும் ஆவலாம். வெறுங்கையோட மட்டும் அனுப்ப மாட்டேன் சித்தப்பா. அது முறையில்ல."

முறை என்று சொல்லிவிட்டால் சின்ன தாத்தாவால் ஒன்றும் பேச முடியாது. மாமியார்தான் பேசினார். பாத்திரத்தை ஓட்டை போடுகிறவள் குடும்பத்தை ஓட்டை போடமாட்டாளா என்றார், இன்னும் என்னென்னவோ சொன்னார். டீ குடிக்கவில்லை. கடைசியில் அண்டாவின் மூடி சமையல்கட்டில் முழுசாக இருப்பதைப் பார்த்து, அதை மட்டும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். அப்பா தடுக்கவில்லை. அவ்வளவு பெரிய வண்டி ஒரு மூடியை ஏற்றிக்கொண்டு போயிற்று. மொபட்டைக் கிளப்பும்போது சின்ன தாத்தா என் பக்கம் திரும்பி, "உன் வாயாலதான் பாப்பா எல்லாம் கெட்டுது" என்றார்.

அத்தை திரும்பிப் போகவேயில்லை. கொஞ்ச நாளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நர்சரியில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது அவளே ஒரு நர்சரி வைத்திருக்கிறாள். ஆனால் அன்றைக்கு இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அன்று அவள் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். பிறகு சமையல்கட்டு வாசலில் முந்தானையை விரித்துப் படுத்தாள். அத்தனை வெயிலில், ஈ மொய்ப்பதுகூடத் தெரியாமல் தூங்கினாள். துக்கம் தாங்காமல்தான் அப்படிக் கிடக்கிறாள் என்று நினைத்தேன். அதற்குக் காரணம் நான். சுத்தியால் அடித்தது நான், காட்டிக்கொடுத்ததும் நான்.

சரிசெய்துவிடலாம் என்று தோன்றியது. உப்பளத்து வரப்பில் பசை மாதிரி ஒரு களிமண் உண்டு. காய்ந்தால் கல்தான். ஒரு சட்டி நிறைய அதை அள்ளி வந்தேன். அண்டா, குண்டான், தவலை என்று ஒவ்வொன்றின் அடியிலும் கையை விட்டு ஓட்டையைத் தேடி, களியை உருட்டி அடைத்தேன். எல்லாம் காய்ந்து இறுகிவிட்டால் அத்தை நாளைக்கே மாமா வீட்டுக்குப் போகலாம். டிபன் கேரியரின் மூன்றாம் அடுக்கை அடைத்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்து நின்றார். வண்டி போனதிலிருந்து அவரும் உப்பளத்து வரப்பில்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்க வேண்டும். காலெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"என்ன பண்றே?"

"ஓட்டைய அடைக்கிறேன்பா. அத்தை போவணும் இல்ல?"

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அடுக்கை என் கையிலிருந்து வாங்கி, ஈரக் களியைக் கட்டைவிரலால் தோண்டி எடுத்துப் போட்டார். அடுத்து தவலை. அண்டாவில் களி அதற்குள் இறுகத் தொடங்கியிருந்தது. உள்ளே போய் ஆணியை எடுத்து வந்து, சத்தம் கேட்காமல் திருகித் திருகி அதைத் திறந்தார். ஓட்டை சின்னதாக இருந்ததென்று ஆணியை ஆட்டி இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார். தேங்கியிருந்த தண்ணீர் அவர் கையில் வழிந்தது. அதை அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"தண்ணி நின்னா செடி செத்துடும் பாப்பா" என்றார். அப்புறம், "எல்லாத்தையும் தொறந்துட்டமா? இன்னொரு தடவ பாரு" என்றார்.

பார்த்தேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தானே ஒருமுறை வேலி நெடுக நடந்து, ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் கை வைத்துப் பார்த்தார். பார்க்கும்போது அவர் கண்கள் கலங்கியிருந்தன. ஒரு வாடின கனகாம்பரத்துக்காகக்கூட அழுகிற மனிதர் அவர் என்று எனக்கு அதுவரை தெரியாது. பள்ளிக்கூடம் திறந்ததும், எங்கப்பாவுக்குச் செடின்னா உயிர் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.